லோகுவின் உயரம்

கொல்லிமலை அடிவாரத்தில் ஓடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் குடியிருந்த மனிதரை ஊர் ஓடைச்சாமி என்றது. காவி கிடையாது, தாடி கிடையாது. நாற்பது வயதுக்காரர். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். அவரைத் தேடி வந்த சீடர்கள் எல்லோருமே அவரைவிட வயதில் மூத்தவர்கள். அதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆண்களை அண்ணா என்பார், பெண்களை அக்கா என்பார். அவர்கள் அவரைச் சாமி என்பார்கள்.

அவர்களில் பாவாயியும் ஒருத்தி. வயது ஐம்பத்தைந்து. சேந்தமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். வியாழக்கிழமை ஆனால் போதும், பாத்திரம் கழுவிக் கவிழ்த்த கையோடு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவாள். ஆள் ஐந்தடிகூட இல்லை. வண்டியின் முன்னால் மாட்டியிருந்த காற்றுத் தடுப்புக் கண்ணாடியோ அவள் உச்சந்தலைக்கு மேலே நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் வண்டி தானாக வருகிறது என்று கொட்டகையில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

வண்டி அவளுடையது அல்ல. மகன் லோகநாதனுடையது. அவன் ஆறடிக்காரன். ஸ்கூட்டரிலேயே ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் சுற்றி வருகிற பைத்தியம் அவனுக்கு. எதிர்க்காற்று முகத்தில் அடிக்கக் கூடாது என்று இருப்பதிலேயே உயரமான கண்ணாடியாகப் பார்த்து வாங்கி மாட்டினான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், தான் விரும்பிய பெண்ணைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றான். "அப்படின்னா இந்த வாசப்படி ஏறாத" என்றாள் பாவாயி. அவன் வண்டிச் சாவியை டிவி மேல் வைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டான். ஏறாதே என்று சொன்னவள் அன்று சாயங்காலமே அந்த வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளியன்று ஏதாவது ஒரு நம்பரிலிருந்து போன் வரும். "நல்லா இருக்கியாம்மா?" என்பான். இவள் அழுது முடிப்பதற்குள் வைத்துவிடுவான். திருப்பி அடித்தால் வேறு யாரோ எடுப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை பாவாயி முழங்கையில் கட்டோடு வந்தாள்.

"என்னாச்சுங்க அக்கா?"

"ஒரு ஆட்டு மேல விட்டுட்டேன் சாமி. ஆட்டுக்கு ஒண்ணுமில்லைங்க."

"உங்களுக்கு?"

"எனக்கென்னங்க, தோல்தான் போச்சு."

உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு, மாசக்கணக்காக நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"சாமி, ஒருத்தரை எதிர்பாத்துக்கிட்டே இருக்கறத எப்படிங்க விடறது?"

பக்கத்தில் வையாபுரி இருந்தார். ஓய்வுபெற்ற தாசில்தார். எந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்பட்டாலும் முதல் பதில் அவருடையதுதான்.

"பாசத்த அறுக்கணும்மா. ஒரே வெட்டு. அறுத்துட்டா நிம்மதி."

அறுப்பதைப் பற்றி அவருக்குத் தெரியும். சொந்தத் தம்பியோடு பேசிப் பதினொரு வருஷமாகிறது. நிம்மதியைத்தான் இன்னும் காணோம்.

"அண்ணா, அந்தத் தக்காளிக்கு ரெண்டு குடம் ஊத்திட்டு வர்றீங்களா?" என்றார் சாமி.

வையாபுரி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். சாமி எழுந்து ஸ்கூட்டரிடம் போனார். கண்ணாடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். உண்மையில் அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக்தான். இரண்டு பக்கமும் மயிரிழை மயிரிழையாகக் கீறி, இட்லிப் பானை மூடியைத் திறந்ததுபோல வெள்ளையாக மங்கிக் கிடந்தது.

"இத எதால தொடைக்கறீங்க?"

"திருநீறுங்க சாமி."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"இங்க குடுக்கற திருநீறுதாங்க. தெனமும் காலையில குளிச்சிட்டு வந்து தேய்ப்பேன். அதுல தேய்ச்சா குத்துவெளக்கு எப்படிப் பளபளன்னு ஆயிருது? இது மட்டும் என்னமோ மங்கிக்கிட்டே போவுதுங்க. அதுக்குன்னு இன்னுங்கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன்."

"நாலு வருசமாவா?"

"ஒருநாள் விட்டதில்லைங்க. அவன் வர்றப்ப அழுக்கா இருக்கக் கூடாதில்லீங்களா?"

சாமி குனிந்து அந்தக் கண்ணாடி வழியாக ஓடையைப் பார்த்தார்.

"ஆடு தெரிஞ்சுதா?"

"வெள்ளையா என்னமோ தெரிஞ்சுதுங்க. கண்ணாடி மங்கல்னு நெனச்சுட்டேன்."

"இது வழியாப் பாத்து ஓட்டக் கூடாதுங்க அக்கா. இதுக்கு மேலாப்புல பாத்து ஓட்டணும். மேல் விளிம்பு உங்க மூக்கு நுனிக்கு நேரா இருந்தாப் போதும். மிச்சத்த வெட்டிரலாம்."

பாவாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயோ, அது லோகு உசரத்துக்கு வாங்குனதுங்க!"

"இப்ப ஓட்டறது யாரு?"

சாமி உள்ளே போய் மார்க்கர் பேனா ஒன்றை எடுத்து வந்தார்.

"ஏறி உக்காருங்க."

ஏறினாள். முதுகை நிமிர்த்தினாள். கழுத்தை நீட்டினாள். சீட்டிலிருந்து இரண்டு விரல் எழும்பி, கால் கட்டைவிரலில் நின்றாள். சாமி எதிரே நின்று அவள் மூக்குக்கு நேராக ஒரு கோடு போட்டார். விளிம்புக்கு நான்கு விரல் கீழே விழுந்தது கோடு.

"எறங்கி மறுபடி உக்காருங்க."

இந்தத் தடவை இன்னும் எழும்பினாள். இரண்டாவது கோடு முதல் கோட்டுக்கு மேலே போய்விட்டது. குடத்தோடு வந்த வையாபுரி, "அம்மா வளர்றாங்க சாமி" என்றார்.

சாமி சிரிக்கவில்லை. "இங்கிருந்து வீட்டுக்குப் போகோணும் அக்கா. போற மாதிரி உக்காருங்க" என்றார்.

வீடு என்றதும் பாவாயியின் தோள் தானாக இறங்கியது. போய் விளக்குப் போட்டு, ஒரு ஆளுக்குச் சோறு வைத்து, சத்தத்துக்காக டிவியை ஓடவிட வேண்டும். அந்த வீட்டுக்குப் போகிறவள் எப்படி உட்காருவாளோ அப்படி உட்கார்ந்தாள். மூன்றாவது கோடு விளிம்புக்கு ஒரு ஜாண் கீழே விழுந்தது.

"இதுதான் உங்க அளவு."

"நீங்களே வெட்டிக் குடுத்துருங்க சாமி."

"உங்க வண்டி. வீட்டுல வெச்சு, உங்க கையால வெட்டுங்க."

எப்படி வெட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார். ரெண்டு பக்கமும் பேப்பர் டேப் ஒட்ட வேண்டும். இரும்பு அறுக்கிற, பொடிப் பல் உள்ள ஆக்சா பிளேடு வேண்டும். அவசரம் கூடாது. ஒரே மூச்சாக, ஒரே கோட்டில் வெட்ட வேண்டும். பாவாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அடுத்த வியாழன் வந்தாள். கண்ணாடி ஒரே ஒரு விரற்கடை குறைந்திருந்தது. விளிம்பு எலி கடித்தது மாதிரி இருந்தது.

"கொஞ்சங்கொஞ்சமா வெட்டிக்கலாம்னு பாத்தேங்க" என்றாள்.

"ம்" என்றார் சாமி.

அதற்கடுத்த வியாழன் இன்னொரு விரற்கடை குறைந்திருந்தது. கூடவே, விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. பாவாயி வண்டியை நிறுத்தும்போதே அழுதுகொண்டு வந்தாள். நான்கு வருஷமாகப் பொத்திப் பொத்திக் காத்ததைத் தன் கையாலேயே உடைத்துவிட்டோமே என்கிற அழுகை.

"ஏன் சாமி இப்படி ஆச்சு?"

"ஒரு விரல் அகலத்துக்கு வெட்டுனா இறுக்கிப் புடிக்க எடமிருக்காது. ஆடும். ஆடுனா வெடிக்கும்."

சாமி கையால் சுற்றுகிற டிரில்லை எடுத்து வந்து, வெடிப்பு முடிகிற இடத்தில் கடுகளவு ஒரு துளை போட்டார். "இப்பத்திக்கு இதோட நிக்கும். இந்தத் துளையிலிருந்து கோட்டுக்கு இன்னும் ஆறு விரல்தான் இருக்குது. இன்னொரு தடவ இப்படி அறுத்தீங்கன்னா எங்க போயி நிக்கும்னு எனக்குத் தெரியாது."

"மொத்தமும் போயிருமுங்களா?"

"போயிரும்."

பாவாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வாசலில் ஓடைச்சாமி நின்றார். யார் வீட்டுக்கும் போகாதவர், பஸ் பிடித்து வந்திருந்தார். பாவாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காப்பி போடட்டுமா என்றாள். வெட்டிவிட்டுக் குடிக்கலாம் என்றார்.

நான்கு திருகாணியைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தார்கள். கட்டில் மேல் போர்வையை மடித்துப் போட்டு அதன்மேல் படுக்கவைத்தார்கள். டேப் ஒட்டினார்கள். மூன்றாவது கோட்டை டேப்பின் மேலே மறுபடி வரைந்தாள் பாவாயி. சாமி இரண்டு கையாலும் கண்ணாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பிளேடு அவள் கையில் இருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. சாமி அவசரப்படுத்தவில்லை.

"இத வெட்டிட்டா, அவன் வரமாட்டான்னு நானே முடிவு பண்ணுன மாதிரி ஆயிருங்க சாமி."

"நீங்க வெட்டாம வெச்சிருக்கறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"வெட்டுனாலும் தெரியாது."

பாவாயிக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிளேடைக் கோட்டில் வைத்து இழுத்தாள்.

வெள்ளைத் தூள் போர்வையில் விழுந்தது. போகப் போக அவள் கை ஒரு வேகத்துக்கு வந்தது. வெங்காயம் அரிந்து பழகிய கைதானே.

"சூடேறுனா பிளேடப் புடிச்சுக்கும். தண்ணி விடுங்க."

விட்டாள். இழுத்தாள். நடுவில் ஒருமுறை நிறுத்தி, "அவன் சின்னதுல என் தோளுக்குக் கீழதாங்க இருந்தான்" என்றாள். சாமி கேட்டுக்கொண்டார். மறுபடி இழுத்தாள். கடைசி ஒரு அங்குலத்தில் சாமி வெட்டுப்படுகிற பக்கத்தைக் கையில் தாங்கிக்கொண்டார். அந்தத் துண்டு, வெடிப்போடும் துளையோடும், சத்தமில்லாமல் அவர் கைக்கு வந்தது.

உப்புத்தாளால் விளிம்பை வழவழவென்று தேய்த்தாள். டேப்பை உரித்தாள். மறுபடி வண்டியில் மாட்டினார்கள்.

"ஏறிப் பாருங்க."

ஏறினாள். இந்த முறை நிமிரவும் இல்லை, எழும்பவும் இல்லை. எப்போதும் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

கண்ணுக்கு நேரே ஒன்றும் இல்லை. தெரு தெரு மாதிரியே தெரிந்தது. எதிர்வீட்டு மாடியில் காய்கிற சட்டையின் பொத்தான் தெரிந்தது. தெருக்கோடியில் பஸ் ஸ்டாப் தெரிந்தது. ஒரு பஸ் வந்து நின்றது. முன்வழியாக இரண்டு பொம்பளைகள் இறங்கினார்கள், பின்வழியாக ஒரு கிழவர் இறங்கினார், அவருக்குப் பின்னால் உயரமாக ஒரு பையன் பையோடு இறங்கினான். பாவாயியின் கை ஹேண்டில்பாரை இறுக்கியது. பையன் திரும்பினான். முகம் தெளிவாகத் தெரிந்தது. வேறு யாரோ.

இத்தனை வருஷமும் இந்தத் தெருவில் எத்தனை முகத்தை வெறும் வெள்ளையாகப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினோமோ என்று நினைத்தாள். பஸ் போய்விட்டது. அவள் பஸ் ஸ்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி."

"சொல்லுங்க அக்கா."

"நாளைக்கே அவன் வந்து இதுல ஏறி உக்காந்தா, காத்தெல்லாம் மூஞ்சியில அடிக்குமே. ஏம்மா வெட்டுனேன்னு கேப்பானே. நான் என்னங்க சொல்லுவேன்?"

ஓடைச்சாமி கையிலிருந்த வெள்ளைத் தூளை வேட்டியில் தட்டிவிட்டுக்கொண்டார்.

"வரட்டும்ங்க அக்கா. வந்து கொற சொல்லட்டும்."