உலைக்குள் இருக்கும்போது செம்பு

செவ்வந்தி ஆராய்ச்சிக்கு வந்ததே சின்ன மகன் பள்ளிக்கூடம் போன பிறகுதான். குரு ஜெசிந்தா அவளைவிட வயதில் இளையவள். சிஷ்யையை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று செவ்வந்தி இரண்டு மைக்ரோஸ்கோப் படங்களை மேஜைமேல் போட்டாள். துத்தநாக ஆக்சைடு தூளில் ஒட்டிய செம்புத் துணுக்குகள், கண்ணுக்கே தெரியாத பொடிசு. சூடான உலைக்குள் வாயுக்களை மெத்தனாலாக மாற்றித் தருவது அவற்றின் வேலை.

"இது பழைய தூள், மேடம். இது நான் பண்ணினது. என்னோடது ரெண்டு மடங்கு மெத்தனால் கொடுக்குது. ஆனா படத்துல ரெண்டும் ஒரே மாதிரி உருண்டை. நான் அளந்ததுதான் தப்புன்னு ஆராய்ச்சியை மதிப்பிடற குழு சொல்லுது. நாளைக்குப் பதில் சொல்லலேன்னா என் ஆராய்ச்சிக்கு மூடுவிழா."

"எப்படிப் படம் எடுத்தீங்க?"

"எல்லாரும் எடுக்கிற மாதிரிதான். உலையிலேர்ந்து எடுத்து, ஆற வெச்சு."

"அக்கா, உங்க கல்யாண போட்டோ போன்ல இருக்கா?"

இந்த நேரத்தில் இது எதற்கு என்று முனகிக்கொண்டே செவ்வந்தி காட்டினாள். பக்கத்தில் நாத்தனார்.

"இதுல கபடி ஆடறது யாரு?"

"நான்தான்! கோட்டைத் தாண்டினா நாலு பேரைத் தொடாம திரும்ப மாட்டேன். அவளுக்குப் பல்லியைக் கண்டாலே நடுக்கம்."

"போட்டோவுல அப்படித் தெரியலையே. ரெண்டு பேருமே பட்டுச்சேலையில தலையைக் குனிஞ்சுகிட்டு இல்ல இருக்கீங்க!"

செவ்வந்தி கடகடவென்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"மேடம்! இதுங்களை நான் ஆட்டத்துல பார்க்கவே இல்லையே!"

சூட்டையும் வாயுவையும் உள்ளேயே கொடுத்துப் பார்க்கும் மைக்ரோஸ்கோப் கீழ்த்தளத்தில் இருந்தது. படியில் ஓடியவளின் பின்னால் ஜெசிந்தா மூச்சிரைக்க வந்தாள்.

சூடேறி வாயு பாய்ந்தது. பழைய தூள் அசைந்து கொடுக்கவில்லை, உருண்டையாகவே கிடந்தது. செவ்வந்தியின் செம்போ கட்டையடியில் சிக்கிய சப்பாத்தி மாவாகப் படர்ந்தது. திரையில் மெத்தனால் அளவைக் காட்டும் கோடு விறுவிறுவென்று ஏறியது.

"படருது மேடம்! படருது!"

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

வாயுவை அடைத்துக் காற்றை விட்டாள். செம்பு மெல்ல மெல்ல மறுபடி உருண்டையானது.

செவ்வந்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எது மேடம் இதோட நிஜ உருவம்? நாளைக்குக் குழுவுக்கு எந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டட்டும்?"

"படம் எதுவும் வேண்டாம், அக்கா. அவங்களை இங்க வரச் சொல்லுங்க. வந்ததும் வாயுவைத் திறந்து விடுங்க."