சீழில் நின்ற சிப்பாய்கள்

அன்று ஈறு நோய்ப் பிரிவில் இருந்தவர்கள் நான்கு பேர். பிரிவின் தலைவர் டாக்டர் செண்பகவல்லி. அவரிடம் மேல்படிப்புக்கு வந்திருந்த டாக்டர் இன்னாசிமுத்து. தலைவரைவிட இரண்டு வயது மூத்தவர், சொந்த ஊரில் நெடுங்காலம் பல் ஆஸ்பத்திரி நடத்தியவர். நாற்காலியில் வாயைத் திறந்தபடி என் தங்கை புருஷன் முனிரத்தினம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். துணைக்குப் போன நான்.

டாக்டர்கள் இருவரையும் குரு, சீடர் என்றே எழுதுகிறேன். அவர்கள் பேசிக்கொண்டது அப்படித்தான் இருந்தது.

சீடர் மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் இறக்கி அளந்தார். தொட்ட இடமெல்லாம் ரத்தம். சில இடங்களில் சீழ்.

“இருபத்தேழு பல்லு இருக்கு மேடம். எல்லாத்துக்கும் அடியில எலும்பு இறங்கிப் போச்சு. முழுசா எடுத்துட்டு பல் செட் கட்டிடலாம்.”

சீடருக்குக் கை வேகம். பல் பிடுங்குவதில் அவருக்குப் பேர் உண்டு. அதைச் சொல்லிக்கொள்ள அவர் தயங்குவதும் இல்லை.

முனிரத்தினம் வாயை மூடினார்.

“டாக்டர் சார், ஆகஸ்ட் பதினஞ்சுக்கு அஞ்சு வாரம்தான் இருக்குது.”

“அதுக்கு?”

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போனவர். கொடியேற்றத்தன்று ஓய்வு பெற்றவர்கள் பள்ளி மைதானத்தில் அணி நிற்பார்கள். அந்த அணிக்கு ஆண்டுதோறும் ‘சாவ்தான்’, அதாவது காலை ஒட்டி நிமிர்ந்து நில் என்று, குரல் கொடுப்பவர் முனிரத்தினம். அதை நான் சொன்னேன்.

“பல்லு இல்லாம ‘சாவ்தான்’னு சொன்னா காத்துதான் வரும்,” என்றார் முனிரத்தினம். “ஒருத்தனும் காலை ஒட்ட மாட்டான். சிரிப்பான்.”

“செட் வந்ததும் சொல்லுங்க.”

“எப்ப வரும்?”

“புண்ணு ஆறணும். மூணு மாசம் ஆகும்.”

“சரி, கொடியைத் தீபாவளிக்கு ஏத்தச் சொல்றேன்.”

குரு அருகில் வந்தார். “பல் தேய்க்கறீங்களா?”

“தினமும் தேய்க்கறேம்மா. ரத்தம் வர்ற இடத்தை மட்டும் விட்டுடுவேன்.”

“ஏன்?”

“காயத்துல கை வைக்கக் கூடாதில்ல. முதலுதவிக்குச் சொல்லிக் குடுக்கறப்ப முதல்ல சொன்னதே அதான். முதல்ல இடது பக்கத்தை விட்டேன். அப்புறம் வலது பக்கமும் வந்துடுச்சு. இப்ப முன்னாடி நாலு பல்லுதான் தேய்க்கறேன்.”

“எதிர்ப்பு சக்திக்குக் கஷாயமும் குடிக்கிறார்,” என்றேன்.

“நீங்க சும்மா இருங்க மச்சான். ஆள் பலம் வேணும்ல?”

சீடர் குருவின் பக்கம் திரும்பினார்.

“ஒரு கேள்வி மேடம். இவருக்கு ஆள் பலத்துல குறைவே இல்லை. கிருமி சேர்ந்ததும் வெள்ளை அணு கூட்டம் கூட்டமா வருது. எலும்பைக் கரைக்கறது கிருமி இல்லை, நம்ம உடம்பேதான். நம்ம ஆளே நம்ம வீட்டை இடிக்கிறான். அப்புறம் எதுக்கு அந்த வீட்டுக்குக் காவல்? வீட்டையே எடுத்துட்டா சண்டை முடிஞ்சுது இல்லையா?”

குரு வாய் திறக்குமுன் முனிரத்தினம் நாற்காலியை விட்டு இறங்கினார். மார்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, நான்காக மடித்து, கைப்பிடியில் வைத்தார்.

“என் ஆளுங்களைப் பத்தி அப்படிப் பேசாதீங்க சார். சொந்த ஊரை இடிக்கிற சிப்பாயை நான் பார்த்ததில்லை. வாங்க மச்சான், போலாம்.”

நானும் எழுந்தேன்.

“ஹவில்தார்,” என்றார் குரு. “உங்க ஆளுங்களைப் பார்த்துட்டுப் போங்க.”

அவரை மறுபடி உட்கார வைத்து, கீழ்ப் பல் ஒன்றின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டுச் சீழ் எடுத்தார். கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். பக்கத்திலிருந்த டிவியில் அது தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு குட்டை. நூல் நூலாக எத்தனையோ நெளிந்தன. எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. இடையிடையே பெரிதாக, உருண்டையாகச் சில. அவற்றில் ஒன்றிரண்டு மெல்ல உருவம் மாறி நகர்ந்தன. மற்றவை அசையவில்லை.

“உருண்டையா இருக்கறவங்கதான் உங்க ஆளுங்க. அசையாதவங்க செத்துட்டாங்க.”

“இது சீழ்தானே?”

“சீழ்ங்கறதே பெரும்பாலும் அவங்கதான்.”

முனிரத்தினம் நாற்காலியோரத் துப்புத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“காலையிலகூடத் துப்பிட்டுத்தான் வந்தேன்,” என்றார்.

பிறகு திரைக்குப் பக்கத்தில் போனார். “எதிரி பக்கத்துலயே நெளியறான். ஏன் பிடிக்கல?”

“அந்தக் கூட்டத்துல ஒருத்தன் இருக்கான். ரொம்பக் கொஞ்சமா இருப்பான். தனியா இதுல காட்ட முடியாது. அவன் நேரா சண்டைக்கு வர மாட்டான். உங்க ஆளுங்களுக்குப் போற உத்தரவுல கை வைப்பான். ‘வா’ங்கற உத்தரவைப் போக விட்டுடுவான். ‘கொல்லு’ங்கறதை மட்டும் நடுவுல அமுக்கிடுவான்.”

“வரச் சொல்லிட்டுச் சுடச் சொல்லலைன்னா?”

“வந்துக்கிட்டே இருப்பாங்க. நெருக்கியடிச்சு நிப்பாங்க. அவங்க கையில இருக்கற வெடிமருந்தெல்லாம் நின்ன இடத்துலயே கொட்டும். சதை கரையும். எலும்பு கரையும். அதுல வடியறதைத் தின்னுதான் அந்தக் கூட்டம் முழுக்க வளருது.”

“அப்ப கோழைங்க இல்ல.”

“இல்ல.”

“துரோகிங்களும் இல்ல.”

“உத்தரவு கெட்டுப்போச்சு ஹவில்தார். ஆளு கெடலை. யாராவது ஓடியிருக்காங்களா பாருங்க.”

முனிரத்தினம் பார்த்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. என் தங்கை கழுத்தில் தாலி கட்டிய அன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

“மச்சான்,” என்றார். “ஒருத்தனும் ஓடலை.”

சீடர் விடவில்லை.

“எல்லாம் சரி மேடம். என் கேள்வி அப்படியே நிக்குது. இடிஞ்ச வீட்டுக்கு எதுக்குக் காவல்?”

“நாற்காலியில உட்காருங்க டாக்டர்.”

“யாரு, நானா?”

“நீங்கதான்.”

சீடர் உட்கார்ந்தார். குரு புதுக் கம்பி ஒன்றை எடுத்து அவருடைய கடைவாயில் இறக்கினார். நான்கு பல் தாண்டினார். ஐந்தாவது பல்லின் ஓரத்தில் கம்பி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வெளியே எடுத்தபோது நுனியில் ரத்தம்.

“ஆறு மில்லிமீட்டர் பள்ளம். மூணுக்கு மேல போகக் கூடாது. இத்தனை வருஷத்துல உங்க வாயை யாரும் பார்த்ததில்லையா?”

“எனக்கு வலியே இல்லையே மேடம்.”

“ஹவில்தாருக்கும் வலி இல்லை.”

குரு தட்டிலிருந்து பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார்.

“எடுத்துடட்டுமா? எனக்கும் கை வேகம்தான்.”

சீடர் அந்தப் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தார். வெளியிலிருந்து கன்னம் அசைவது தெரிந்தது.

“பயப்படாதீங்க சார்,” என்றார் முனிரத்தினம். “செட் கட்டிக்கலாம். மூணு மாசம்தான்.”

குரு இடுக்கியைத் தட்டில் வைத்தார்.

“ஹவில்தாரோட பல்லுக்கு அடியில கல்லு மாதிரி காரை படிஞ்சிருக்கு. அவன் ஒளிஞ்சிருக்கற இடம் அதான். அதைச் சுரண்டி எடுங்க. உத்தரவு சரியாப் போகும். கூட்டம் தானா கலையும்.”

முனிரத்தினத்தின் பற்களைச் சீடரே சுத்தம் செய்தார். வாயை நான்கு பாகமாகப் பிரித்து, வாரம் ஒரு பாகம். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுகளுக்கு அடியில் வேர் வேராகச் சுரண்ட வேண்டும். வேகமான அந்தக் கைக்கு அது பழகவில்லை. முதல் நாள் பாதியில் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். அடுத்த வாரம் எழவில்லை. அவருடைய கடைவாய்ப் பல்லைக் குரு பார்த்துக்கொண்டார்.

வீட்டில் முனிரத்தினம் ரத்தம் வரும் இடத்தில்தான் பிரஷ்ஷை வைக்க வேண்டும் என்று உத்தரவு. என் தங்கை பக்கத்திலேயே நின்று பார்த்தாள். முதலில் தண்ணீர் சிவப்பாகத்தான் போனது. இரண்டாவது வாரம் வெளிறியது. பிறகு தெளிந்தது.

கடைவாயில் நான்கு பற்கள் தேறவில்லை. எலும்பே மிச்சமில்லாமல் ஆடின. அவற்றைச் சீடர்தான் எடுத்தார். ஒவ்வொன்றை எடுக்குமுன்னும் குருவைக் கூப்பிட்டு, “இதைக் காப்பாத்த வழி இருக்கா மேடம்?” என்று கேட்டுவிட்டுத்தான் இடுக்கியைத் தொட்டார்.

ஆகஸ்ட் பதினைந்து அன்று காலை லேசான தூறல். அணியில் முப்பத்தெட்டுப் பேர். முனிரத்தினம் முன்னால் வந்து நின்று, மூச்சை இழுத்து, “சாவ்தான்” என்றார். மைதானத்துக்கு வெளியே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் கடைசி வரிசைக்குப் பின்னால், குடையோடு நின்றிருந்தேன். ராணுவ வாசலை மிதித்ததில்லை நான். என் குதிகாலும் ஒட்டிக்கொண்டது.

மறுவாரம் பரிசோதனைக்குப் போனோம். சீடர் பழைய இடத்திலேயே ஒரு சொட்டு எடுத்துத் திரையில் போட்டார். சீழ் இல்லை, தெளிந்த நீர். உருண்டைகள் வெகு குறைவு. நூல்களும் குறைவு. சீடர் கண்ணாடித் துண்டை இப்படியும் அப்படியும் நகர்த்தி ஓரம் ஓரமாகத் தேடினார். ஒரு மூலையில் ஒன்று நெளிந்தது.

“மேடம், எதிரி இன்னும் இருக்கான்.”

“இருப்பான்.”

“மருந்து குடுத்து மொத்தமா முடிச்சுடலாமா?”

“மறுபடி வருவான். வாய்னா வந்துட்டுத்தான் இருப்பான்.”

“அப்ப நாம ஜெயிச்சோம்னு எதை வெச்சுச் சொல்றது?”

குரு திரையைப் பார்க்கவில்லை. சிறிய கண்ணாடியை எடுத்துக்கொண்டு முனிரத்தினத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். மேல் வரிசையின் வலது ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு பல்லையும் தொட்டு, அசைத்துப் பார்த்து, அடுத்ததற்குப் போனார். மேலே முடித்துக் கீழே வந்தார். அவசரப்படவில்லை. சீடர் நின்றபடி காத்திருந்தார்.

“இருபத்து மூணு,” என்றார் குரு.