மூடியைத் திறக்காதே

முன்னொரு காலம், மலையில் மரங்கள் தீர்ந்துகொண்டே வந்த காலம். அப்போது மாறவேள் என்றொரு ராஜா இருந்தான். அவன் ஊரில் அடுப்புகள் ஆயிரம். ஆயிரமும் தின்று தீர்த்தபின் மலையில் மிஞ்சியது, ஊற்றைச் சுற்றி நின்ற இலுப்பைத் தோப்பு ஒன்றுதான்.

"அதையும் வெட்டித் தாருங்கள்" என்றது ஊர்.

ராஜா யோசித்தான். "ஒரு கட்டு விறகில் மூன்று நாளைச் சமாளிக்கிற வீடு ஒன்றாவது உண்டா? உண்டென்றால் தோப்பு பிழைக்கும். இல்லையென்றால் நான்காம் நாள் கோடரி இறங்கும்" என்றான்.

இதை முரசடித்து ஊரெல்லாம் சொன்னவன் கூத்தபிரான். கேட்டதும் அவன் மனைவி செவந்தாயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். தோப்பு போனால் ஊற்றும் போகும். ஊற்று போனால் குடிதண்ணீருக்கு இரண்டு காதம் நடக்க வேண்டியவள் அவள்தான். முரசா நடக்கும்?

மூன்று வீடுகள் முன்வந்தன. வணிகர் வீட்டில் முதல் நாளே விறகு தீர்ந்தது. ஆளுக்கோர் அண்டா வெந்நீர் போட்டுக் குளித்துவிட்டு, "குளியலும் இதில் சேருமா?" என்று கேட்டார்கள். புலவர் வீட்டில் இரண்டாம் நாள் தீர்ந்தது. விறகை மிச்சம் பிடிப்பது எப்படி என்று பேச அவர் ஊரைக் கூட்டினார். வந்த நாற்பது பேருக்கும் வடை பாயசத்தோடு விருந்து வைத்தார். இந்த மனிதர்களை என்ன சொல்ல!

மூன்றாவது வீடு செவந்தாயியுடையது. அவள் விறகை மெல்லிசாகப் பிளந்து வெயிலில் காயவைத்தாள். பருப்பை விடியும்போதே ஊறப்போட்டாள். குளிக்கிற தண்ணீரைச் செப்புக் குடத்தில் ஊற்றி முற்றத்து வெயிலில் வைத்தாள். சோறு ஒரு கொதி வந்ததும் விறகை இழுத்து அணைத்துவிட்டு, பானையை வைக்கோல் திணித்த கூடையில் இறக்கி, பழம்புடவையால் சுற்றினாள். அடைபட்ட சூட்டிலேயே சோறு வெந்துவிடும்.

வேகவிட்டால்தானே! "மரம் காப்போம்" என்று தெருத்தெருவாய்த் தொண்டை கிழியக் கத்திவிட்டு, கூத்தபிரான் பசியோடு வருவான். வந்ததும் புடவையை விலக்கி மூடியைத் திறப்பான்.

"வெந்திருச்சா?"

"வெந்தா சொல்ல மாட்டேனா? சூடெல்லாம் போச்சு. மூடுங்க!"

முதல் நாள் மூன்று முறை திறந்தான். மூன்று முறையும் பானையை அவள் மறுபடி அடுப்பில் ஏற்றினாள். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் காலையில் மிஞ்சியது நாலே குச்சி. செவந்தாயிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

நாலையும் எரித்து ஒரு கொதி வரவைத்தாள். பானையைக் கூடையில் இறக்கிச் சுற்றினாள். அந்த நேரம் பார்த்து ராஜாவே பரிவாரத்தோடு வந்து நின்றான்.

"நெருப்பே இல்லாமல் வேகிறதா?" என்று குனிந்து புடவையில் கை வைத்தான்.

"கையை எடுங்க!"

தெருவே கேட்கும்படி கத்திவிட்டாள். கூத்தபிரானின் முரசுக்கோல் நழுவி விழுந்தது. மந்திரி கண்ணை உருட்டினார்.

செவந்தாயி கும்பிட்டாள், ஆனால் குரல் இறங்கவில்லை. "மகாராசா, ரெண்டு நாளா இந்த மனுசனோட மல்லுக்கட்டிட்டேன். இப்ப நீங்களுமா? திறந்தீங்கன்னா மறுபடி ஏத்த எங்கிட்ட ஒரு குச்சிகூட இல்ல. தோப்பு வேணும்னா சும்மா உக்காருங்க."

ராஜா கையை எடுத்தான். தரையில் உட்கார்ந்தான். மந்திரியும் உட்கார்ந்தார். கூத்தபிரான் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முற்றத்து வெயில் சுவரேறும் மட்டும் ஒருவரும் அசையவில்லை. பிறகு செவந்தாயியே மூடியைத் திறந்தாள். ஆவி எழுந்தது. சோறு பருக்கை பருக்கையாய் வெந்திருந்தது. ராஜா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் தோப்பு பிழைத்த செய்தியைக் கூத்தபிரான் முரசடித்துச் சொன்னான். இனி வீட்டுக்கு மூன்று நாளைக்கு ஒரு கட்டு விறகுதான், அதுவும் தானாய்க் காய்ந்து விழுந்த கிளைகள்தான் என்றான். கடைசியில், மனைவி சொல்லி அனுப்பியதைத் தலையைக் குனிந்துகொண்டு மூன்று முறை கத்தினான்: "வேகும்வரை மூடியைத் திறக்காதீர்கள்!"

கேட்டீர்களல்லவா: காட்டைக் காக்க நினைப்பவர் முதலில் தம் வீட்டில் தம் கையை அடக்கப் பழக வேண்டும்.