ஆட்டுக்கல்லின் அடியில்

குடியிருந்த தணிகாசலம் முதலில் வாடகையை நிறுத்தினான். அடுத்து வாசல் பூட்டை மாற்றினான். பிறகு, காலி செய்யச் சொன்னால் கையை ஒடிப்பேன் என்றான். கடைசியில், அது தானே கட்டிய வீடு என்றான். வட்டச் செயலாளர் ஆயிற்றே. கூடிய தெரு தள்ளி நின்றே பார்த்தது.

"உன் வீடுன்னா சுவரு வந்து சாட்சி சொல்லட்டும்" என்று சிரித்தான்.

வீட்டுச் சொந்தக்காரி மரகதம் கேட்டாள்: "சமையக்கட்டுத் தரையும் நீங்க போட்டதுதானா, தம்பி?"

"என் கண் முன்னாடி போட்டது."

"அப்ப அந்த ஆட்டுக்கல்லை நகர்த்துங்க. பார்க்க மனசு தாங்காம நான்தான் மூடி வச்சேன்."

எல்லோரும் உள்ளே போனார்கள்; இருவர் கல்லை நகர்த்தினார்கள். சிமெண்டில் ஒரு சின்னப் பாதம் பதிந்திருந்தது. அருகே குச்சியால் கீறிய எழுத்து. அவன் குடிவருவதற்கு முன்பே காய்ச்சலில் போன அவள் மகள் எழுதியது. மரகதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் எல்லோருக்கும் கேட்க வாசித்தார்: "பூங்கோதை, மூன்றாம் வகுப்பு."