அங்கியோடு போனவன்

வேடம் கட்டியவனையே தெய்வமாக்கிவிட்ட ஓர் ஊருக்குச் சங்கடம் வந்த கதை இது. கேளுங்கள், தீர்ப்பு சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

வெள்ளித்துறை என்ற கடற்கரை ஊரில் ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் சேசுவின் பாடுகளை நாடகமாக நடிப்பார்கள். காலரா வந்து ஊரை வாரிக்கொண்டு போன காலத்தில் முன்னோர் வைத்த நேர்ச்சை அது. அதனால் பேருக்குத்தான் நாடகம். சேசுவாக நடிப்பவன் நாற்பது நாள் நோன்பான தவக்காலத்தின் தொடக்கத்திலேயே வெள்ளை அங்கி அணிந்து, கோயிலை ஒட்டிய கொட்டகைக்கு வந்துவிட வேண்டும். சிலுவையிலிருந்து இறக்கப்படும் வரை வேறு உடுப்பு போடக் கூடாது, வீட்டுக்குப் போகக் கூடாது, சாவு வீட்டுப் பக்கம் தலைகாட்டவே கூடாது. இதற்கெல்லாம் சம்மதம் என்று பீடத்தின் முன்னால் வாக்குக் கொடுத்த பிறகுதான் அங்கி கைக்கு வரும். அதன் பிறகு யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

அந்த வருஷம் வாக்குக் கொடுத்தவன் தொபியாஸ், வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். வந்த புதிதில், ஆட்கள் அங்கியின் ஓரத்தை முத்தமிட்டபோது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு நோயாளிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து தலையில் கை வைக்கச் சொன்னார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. தானாகத்தான் இறங்கியது என்று அவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அவன் கொடுத்திருந்த பழைய வாக்கு ஒன்றும் உண்டு. அவனுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போய்விட்டாரே என்பதுதான் அம்மா செசிலியாளின் தீராத ஆற்றாமை. தன் கடைசித் தண்ணீரை மகன்தான் ஊற்ற வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். அவனும் சரி என்று கையடித்துக் கொடுத்திருந்தான்.

பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகலில், தலையில் முள்முடியை வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது அக்காள் ரெஜினாள் ஓடி வந்தாள். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, பொழுது சாயும் வரை தாங்காது என்றாள். அம்மா ஒரு சொல்லும் சொல்லி விட்டிருந்தாள்.

“சாமிய நான் கோயில்ல பாத்துக்கிடுதேன். எம் மவன அனுப்பச் சொல்லு.”

நாடகத்தை நடத்தும் அண்ணாவியார் கஸ்பார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கல்நெஞ்சக்காரர் அல்ல, கண் கலங்கிப்போய்த்தான் நின்றார்.

“இன்னைக்கு நீ செசிலியாள் மவன் இல்லப்பா. கடவுளுக்கு ஏது சாவு வீடு?”

கோயில் உபதேசியார் இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே சேசுவும், பசித்ததும் அழுததும் மனுஷனாகத்தானே என்று கேட்டார். அவரிடம் ஒரு வழியும் இருந்தது. அங்கியைக் கழற்றி இங்கே வைத்துவிட்டு மகனாகப் போகட்டும். வந்த பிறகு போட்டுக்கொண்டு ஆண்டவராக நிற்கட்டும். அங்கிக்கும் பங்கமில்லை, தாய்க்கும் குறையில்லை.

கழற்றி மாட்டுவதற்கு ஆண்டவர் என்ன சட்டையா என்று கஸ்பார் சீறினார். கடவுள் சாகமாட்டார் என்றால் சிலுவையில் செத்தது யார் என்று இன்னாசி திருப்பிக் கேட்டார். சேசு கடவுளா மனுஷனா என்று அந்தக் காலத்து மேற்றிராணிமார், அதாவது ஆயர்கள், கூடிக்கூடிப் பேசி, ஒருவரை ஒருவர் சபித்துக்கொண்டு பிரிந்துபோன அதே வழக்குதான். அது ஓலைக் கொட்டகைக்குள் புதிதாகக் கிளம்பியது. வீட்டிலோ ஒருத்திக்கு மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது.

தொபியாஸுக்கு இரண்டு பேர் சொன்னதும் காதில் விழுந்தது. போனால் ஊருக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். நாளைக்கு ஒரு வள்ளம் கவிழ்ந்தாலும் எல்லாக் கண்ணும் தன் பக்கம்தான் திரும்பும். போகாவிட்டால் அம்மாவும் அப்பாவைப் போலவே உலர்ந்த வாயோடு போய்ச் சேருவாள். அப்படியே எழுந்து, அங்கியோடும் முள்முடியோடும் கஸ்பாரை விலக்கிக்கொண்டு நடந்தான். தெருவில் ஆட்கள் மண்டியிட்டு வழிவிட்டார்கள்.

பாயில் கிடந்த செசிலியாள் கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். அவன் தண்ணீரோடு குனிந்தான்.

“முள்ளு குத்துதாய்யா?” என்றாள்.

“குத்துதும்மா.”

தண்ணீர் உள்ளே இறங்கியது. சற்று நேரத்தில் அவன் மடியிலேயே உயிர் பிரிந்தது. அவன் வாய்விட்டு அழுதான். பிறகு அம்மாவை அக்காளிடம் விட்டுவிட்டு, கண்ணீரில் நனைந்த அங்கியோடு மேடைக்குத் திரும்பினான். அங்கே ஊர் முழுக்கக் கூடியிருந்தது. சாவைத் தொட்ட அங்கியைச் சிலுவையில் ஏற்ற மாட்டேன் என்று கஸ்பார் கயிற்றைக் கீழே போட்டார். கழற்றிவிட்டுப் போயிருந்தால் இந்த வம்பே இல்லையே என்று இன்னாசியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொபியாஸ் சிலுவை மரத்தில் கைகளை விரித்துவைத்துப் படுத்தான்.

போகாதே என்றவர் ஒருவர், கழற்றிவிட்டுப் போ என்றவர் ஒருவர், கழற்றாமல் போனவன் ஒருவன். இவர்களில் சேசுவைச் சரியாகப் புரிந்துகொண்டவர் யார்? அவனைச் சிலுவையில் கட்டலாமா, கூடாதா?

விடை இதுதான். கஸ்பார் கடவுளைக் காப்பாற்றப் பார்த்தார்; அந்தக் கடவுள் ஒருத்தியின் வயிற்றில் பிறந்ததை மறந்துபோனார். இன்னாசிக்கு இரக்கம் இருந்தது. ஆனால் ஒருவரையே இரண்டாக அறுத்து, வீட்டுக்கு ஒன்றும் மேடைக்கு ஒன்றுமாகப் பங்கிட்டுவிட்டார். சேசு சிலுவையில் தொங்கியபடிதான் தாயைச் சீடன் கையில் ஒப்படைத்தார். அந்தக் கடமைக்காக அவர் முள்முடியைக் கழற்றவுமில்லை, சிலுவையை விட்டு இறங்கவுமில்லை. தொபியாஸ் போனது அந்த வழியில்தான், ஆகவே கட்டலாம். கஸ்பாரும் கடைசியில் கயிற்றை எடுத்துக் கட்டினார். சிலுவை நிமிர்ந்து, ‘இதோ, உன் தாய்’ என்று சீடனிடம் தாயை ஒப்படைக்கும் இடம் வந்தபோது தொபியாஸுக்கு வாய் திறக்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்ற கஸ்பார் வசனத்தை எடுத்துக்கொடுக்கப் பார்த்தார். அவருக்கும் குரல் வரவில்லை.