சிங்கராயர் தன் வாளைக் கேட்ட கதை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் இளைய மகள் பூங்கோதை. போன மாசி மகத்தன்று, விரதம் முடித்து உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். அவள் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவள். "ஹாஷ் டேபிள்னு ஒண்ணு இருக்கும்மா. பேரைச் சொன்னா போதும், பொருளைத் தேடாமலே எடுத்துக் கொடுத்துடும்" என்றாள். "தேடாம எப்படிடீ எடுக்கும்?" என்றேன். அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தக் கதை.

ரொம்ப காலத்துக்கு முன்னால் பொன்வயல் நாட்டை இளவழுதி என்று ஒரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் நேரத்துக்கு ஒரு நினைப்பு, நினைத்தது உடனே நடக்கவேண்டும். காலையில் மாம்பழமே வேண்டாம் என்பார், மத்தியானம் "மாம்பழம் எங்கே?" என்று சமையற்காரரை விரட்டுவார்.

அவர் சபைக்குள் யாரும் ஆயுதத்தோடு போகக்கூடாது. வாசலில் வீரணன் என்ற காவலாளி வாங்கி வைப்பான். பெரிய சபை கூடினால் வாள்கள் விறகுக்கட்டு மாதிரி குவிந்துவிடும். சபை கலைந்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கி, "இது உங்களுதா சாமி? இது உங்களுதா?" என்று கேட்டுக்கொண்டே நிற்பான். ஒரு தடவை ராஜாவின் மாமனார் கையிலேயே எவனுடைய துருப்பிடித்த வாளோ போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆயுதசாலைத் தலைவர் சிங்கராயருக்கு வாயெல்லாம் பல். அவருக்கு அமைச்சர் ஆளவந்தார் மேல் பொறாமை. வீரணனோ அமைச்சர் சேர்த்துவிட்ட ஆள்.

"மகாராஜா, இவன் வாசலில் நின்றால் நாளைக்கு உங்கள் கிரீடமும் மாறிப்போகும்" என்றார்.

ராஜா குதித்து எழுந்தார். "அடுத்த சபை கலையும்போது வெற்றிலை போடுவேன். மென்று முடிப்பதற்குள் அவரவர் வாள் அவரவர் கைக்கு வரவேண்டும். ஒன்று தவறினாலும் வீரணன் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டவேண்டும்!"

வீரணன் மனைவி அப்போது நிறைமாசம். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆளவந்தார் முத்திரை மோதிரத்தைத் தொட்டுக் காட்டினார். "அவன் போனால் இதைக் கழற்றி வைத்துவிட்டு நானும் போகிறேன், அரசே."

"ஐயா, உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவிதி?" என்று அழுதான் வீரணன்.

"அழுதது போதும், எழுந்து வா. வேலை கிடக்கிறது."

ஆயுத அறையின் சுவர் நெடுக வாள் மாட்ட மரமுளைகள் அடித்தார்கள். ஒவ்வொரு முளைக்கும் ஓர் எண். அதேபோல ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். வாள் கொடுப்பவரின் பெயரில் முதல் எழுத்துக்கு என்ன எண்ணோ அந்த முளையில் மாட்டுவது என்று தொடங்கினார்கள். அங்கேதான் ஒரு கோளாறு. அந்த நாட்டில் காவல்தெய்வம் மாடன். வீட்டுக்கு வீடு ஒரு மாடன், ஒரு மாடசாமி, ஒரு மாடத்தேவன். அத்தனை வாளும் ஒரே முளைக்குப் போய், முளையே பிடுங்கிக்கொண்டு விழுந்தது. மற்ற முளையெல்லாம் காலி!

அமைச்சர் சளைக்கவில்லை. "முதல் எழுத்தை விடு. பெற்றவள் வைத்த பெயர், பிறந்த ஊர், இரண்டிலும் உள்ள எல்லா எழுத்தின் எண்ணையும் கூட்டி, அத்தனை முளை எண்ணிப் போ. முளை தீர்ந்தால் மறுபடி முதல் முளையிலிருந்து எண்ணு. எங்கே முடிகிறதோ அங்கே மாட்டு. கேட்டு வரும்போதும் அதே கணக்கைப் போடு, அதே முளைக்குத்தான் போய் நிற்பாய்."

"ரெண்டு பேருக்கு ஒரே முளை வந்துட்டா ஐயா?"

"வரும். இரண்டையும் அங்கேயே மாட்டு. பெயரையும் ஊரையும் ஓலை நறுக்கில் எழுதிப் பிடியில் கட்டு. அந்த இரண்டைப் பார்த்தால் போதும், அறை முழுக்கப் பார்க்க வேண்டாம். இன்னொன்று, யார் சொன்ன பெயரையும் நீ வெளியில் சொல்லாதே. கேட்டவனெல்லாம் வாளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்."

பெயர்தான் கீ, அதாவது சாவி; வாள்தான் வேல்யூ, அந்தச் சாவிக்குக் கிடைக்கிற பொருள் என்று பூங்கோதை இந்த இடத்தில் சொன்னாள்.

வீரணன் சாப்பிடும்போதும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தான். "சோத்தை எண்ணாதீங்க, தின்னுங்க" என்றாள் மனைவி.

சபை கூடும் நாளும் வந்தது. எல்லாரும் வாளைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். சிங்கராயர் மட்டும் வீரணன் காதோரம் குனிந்து பெயரை முணுமுணுத்தார்.

சபை கலைந்தது. ராஜா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மாடத்தேவன், நெல்லூரணி!" வீரணன் விரலை மடக்கினான், நேரே ஒரு முளைக்குப் போனான், வாளோடு வந்தான். அடுத்தவர். அதற்கடுத்தவர். ஒரு முளையில் இரண்டு வாள் தொங்கியதைக் கண்டு, "ஆஹா, இடித்துக்கொண்டதா!" என்று சிங்கராயர் கைகொட்டினார். வீரணன் ஓலையைப் பார்த்துச் சரியானதை எடுத்துக் கொடுத்தான்.

கடைசியில் சிங்கராயர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "சிங்கராயர், தலைநகரம்!"

வீரணன் எண்ணிப் போனான். வெறும் முளை. காதில் கேட்ட பெயரை வெளியில் சொல்லக்கூடாதே. "இந்தப் பேர்ல வாள் இல்லீங்க."

"பார்த்தீர்களா மகாராஜா! தொலைத்துவிட்டான்!"

ராஜா மெல்லுவதை நிறுத்தவில்லை. புருவம் மட்டும் ஏறியது. ஆளவந்தார் அவர் பக்கம் திரும்பினார். "அரசே, ஒரு சந்தேகம். கேட்க ஆளில்லாமல் முளையிலேயே நிற்கும் வாள் யாருக்குச் சேரும்?"

ராஜா வெற்றிலை வாயோடு, "வாசல் காக்கிறவனுக்கு" என்றார்.

"வீரணா, உள்ளே ஒரே ஒரு வாள் மிச்சம். பொன் பிடி, சிங்கமுகம். அரசர் கையால் பரிசு கொடுத்தது. இனி உனக்குத்தான்" என்றார் ஆளவந்தார்.

"ஐயையோ, அது என் வாள்!" என்று கத்தினார் சிங்கராயர்.

"முளைக்கு முகம் தெரியாது சிங்கராயரே, பட்டமும் தெரியாது. எந்தப் பெயரில் வைத்தீரோ அந்தப் பெயரில் கேளும். அரசர் வாயில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி."

ராஜா வேண்டுமென்றே வேகமாக மென்றார். சிங்கராயருக்கு வேர்த்து ஊற்றியது. தலையைக் குனிந்தபடி, "பிச்சை... ஆட்டுக்குளம்" என்றார்.

வீரணன் எண்ணினான், போனான், வாளை இரண்டு கையாலும் ஏந்தி வந்தான். அதற்குப் பிறகுதான் ராஜா வெற்றிலையை மென்று முடித்துத் துப்ப எச்சிற்படிக்கத்துக்குக் குனிந்தார்.

சபையில் யாரோ சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை. "பிள்ளை தங்கவேண்டுமென்று உன்னைப் பெற்றவள் சாமியிடம் மடியேந்தி வாங்கிய பெயர் அது. அதை மறைத்து ஒரு குடும்பத்தை நாடு கடத்தப் பார்த்தாயே. இனி என் சபையில் உன்னைப் பிச்சை என்றுதான் கூப்பிடுவேன். தலை நிமிர்ந்து பதில் சொல்லப் பழகு."

அமைச்சர் மோதிரம் விரலிலேயே இருந்தது. ராஜா தன் வெள்ளி வெற்றிலைத் தட்டை எடுத்து வீரணனிடம் கொடுத்து, "வீட்டுக்குப் போ, உன் மனைவி பயந்துகொண்டிருப்பாள்" என்றார்.

கதை அவ்வளவுதான். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களைப் பெற்றவள் வைத்த பெயர் என்னவென்று சொல்லிவிட்டுப் போங்கள். சாயங்காலம் விளக்கேற்றும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிட்டுக்கொள்கிறேன்.