சும்மா நின்ற நாரை டீச்சர்

கடம்ப மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் ஒரு ஏரி. அதில் கருமுத்து என்ற நீர்க்காகமும் அவன் மனைவி காத்தாயியும் குடியிருந்தார்கள். கருமுத்து நல்ல உழைப்பாளி. வாய்தான் கொஞ்சம் நீளம்.

யாரோ விட்டுப் போன தூண்டில் நரம்பில் சிக்கி, காத்தாயிக்கு ஒரு இறக்கை ஒடிந்துவிட்டது. காயம் ஆறியது, இறக்கை நிமிரவில்லை. கிளை விட்டுக் கிளை தத்துவாள், அவ்வளவுதான். இரண்டு வயிற்றுக்கும் கருமுத்துதான் முங்க வேண்டும். அவர்களுக்குக் குஞ்சு கிடையாது. காத்தாயி இட்ட முட்டைகள் ஒவ்வொரு வருஷமும் கூமுட்டையாகவே போயின. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அவர்கள் மரத்தடியில், ஆழமில்லாத தண்ணீரில், ஏரியின் பள்ளிக்கூடம் நடந்தது. நாரை டீச்சர் ஒற்றைக் காலில் அசையாமல் நிற்பார். சுற்றிலும் குஞ்சுகள் அசையாமல் நிற்க முயன்று, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும்.

"குமிழி வருது. யாரும் பேசக் கூடாது. நல்லா பாருங்க... என்னது?"

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. பிறகு எல்லாக் குஞ்சுகளும் ஒரே குரலில் கத்தும்.

"கெண்டை!"

"சரி. இப்போ பெரிய குமிழி, ஒண்ணே ஒண்ணு. இது?"

"ஆமை!"

தண்ணீரைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதுதான் அந்தப் பள்ளிக்கூடம். தண்ணீர் தெரிந்தவன் எந்த ஏரிக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வான். பாடம் நடக்கும்போது கண்ணெதிரே கொழுத்த மீன் போனாலும் டீச்சர் கொத்த மாட்டார். கொத்தினால் தண்ணீர் கலங்கிவிடும், பாடம் கெட்டுவிடும். அதனால்தான் ஏரியில் மீன் பிடிக்கிற எல்லாரும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

மேலே கிளையில் காத்தாயியும் குமிழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பிறந்த ஏரியில் பள்ளிக்கூடமே இல்லை. குஞ்சுகள் கத்துவதற்கு முன்னால், அலகுக்குள் மெல்லச் சொல்லிப் பார்ப்பாள்.

"நான் அப்பவே கெண்டைன்னு சொன்னேங்க!" என்று கருமுத்து வந்ததும் பெருமையடிப்பாள். நாள் முழுக்கக் கிளையில் கிடப்பவளுக்கு அந்தச் சத்தம்தான் சோறு, தண்ணீர் எல்லாம்.

மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும், பொட்டு என்ற முக்குளிப்பான் குஞ்சு கீழே நின்று கூவும். "அத்தை! இன்னிக்குக் கெளுத்தி படிச்சோம்!"

"அது மீசையாலே சேத்தைக் கிளறுமே, அதானேடி?"

"ஆமா அத்தை! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காத்தாயி அந்தக் கேள்விக்காகவே அடுத்த நாள் மாலைவரை காத்திருப்பாள்.

ஏரிக்குத் தலைவர் கூழைக்கடா. பங்கு வசூலிப்பது அவர் வேலை. அலகுக்குக் கீழே தொங்கும் பையை விரித்துக்கொண்டு தினமும் காலையில் வருவார். "பங்கு! பங்கு! பள்ளிக்கூடப் பங்கு!" பையில் விராலும் வாளையும் விழும். அவை டீச்சரிடம் போய்ச் சேரும்போது அயிரையும் பொடி மீனுமாக மாறியிருக்கும். நடுவில் என்ன மாயம் நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. தலைவர் பை அவ்வளவு பெரியது. எட்டிப் பார்க்க எல்லாருக்கும் பயம்.

ஒரு நாள் வாடைக்காற்று அடித்தது. மீன்கள் எல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டன. கருமுத்து முங்கி முங்கிக் கண் சிவந்து, ஒரே ஒரு விரால் பிடித்தான். கரையேறுவதற்குள் பை வந்து நின்றது.

"பங்கு!"

"தலைவரே, இன்னிக்கு இது ஒண்ணுதான். வீட்டுல அவ பசியோட இருக்கா."

"பள்ளிக்கூடத்துக்கு இல்லேன்னு சொல்லலாமா கருமுத்து? பிள்ளைங்க பாவம் இல்லையா?"

விரால் பைக்குள் போய்விட்டது. கருமுத்து வெறும் அலகோடு மரத்துக்குத் திரும்பினான். கீழே பார்த்தான். நாரை டீச்சர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விராலை விழுங்கிய பையைப் பார்த்து வர வேண்டிய கோபம்தான். ஆனால் பை பெரியது, கால் மெல்லியது. கோபத்துக்கு எப்போதும் மெல்லியதுதான் முதலில் கண்ணில் படும்.

அன்றே ஏரிக்கூட்டம் கூட்டச் சொன்னான். நடுவில் போய் நின்றான்.

"எனக்கு என்ன குஞ்சா, குளுவானா? நான் எதுக்குப் பங்கு கொடுக்கணும்? சரி, கொடுத்துத் தொலைக்கிறேன். கொடுத்த மீனுக்கு அந்தம்மா என்ன செய்யுறாங்க? காலையில பார்த்தாச் சும்மா நிக்கிறாங்க. சாயங்காலம் பார்த்தாலும் சும்மா நிக்கிறாங்க! நிக்கிறதுக்கு மீனா?"

"அப்படிக் கேளுங்க!" என்றாள் பொட்டுவின் தாய். "என் பொட்டு மழைக்காலத்துல இருந்து போறா. இன்னும் ஒரு அயிரை பிடிச்சதில்ல!"

கூட்டம் கைகொட்டாத குறையாக இறக்கை கொட்டியது. கருமுத்துவுக்கு உடம்பு ஒரு சுற்று பெருத்தது போல இருந்தது.

நாரை டீச்சர் மெதுவாகச் சொன்னார். "நிக்கிறதுதாங்க பாடம். நான் அசைஞ்சா தண்ணி கலங்கிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். கருமுத்து மற்றவர்களைவிட உரக்கச் சிரித்தான்.

தலைவருக்கு உள்ளூர ஒரே நிம்மதி. கூட்டம் என்றதும் பையைப் பற்றித்தான் பேசப் போகிறார்கள் என்று நடுங்கிப் போயிருந்தார். இப்போது கழுத்தை நிமிர்த்தினார். "நியாயமான பேச்சு! டீச்சர் சும்மா நிக்கிறதால, இனிமே ஏரி வேலையும் அவங்களே பார்க்கட்டும். கூடு கூடாப் போய் முட்டைக் கணக்கு எடுக்கணும். யானை தண்ணி குடிக்க வந்தா ஓடிப் போய் வரவேற்கணும். ஆகாயத்தாமரையைப் பிடுங்கணும். தலைவர் தேர்தல் வந்தா அதையும் நடத்தணும்!"

"அதோட, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒவ்வொரு குஞ்சும் மீன் பிடிச்சுக் காட்டணும்!" என்றான் கருமுத்து. "காட்டலேன்னா டீச்சருக்குப் பங்கு பாதி!"

அவன் மரத்துக்குத் திரும்பியபோது காத்தாயி முகம் கொடுக்கவில்லை.

"அவங்க நின்னாத்தானேங்க தண்ணி தெளியும்?"

"கிளையில உட்கார்ந்திருக்கிற உனக்கு என்ன தெரியும்? முங்குறது நான்!"

அவள் தத்தித் தத்தி அடுத்த கிளைக்குப் போய்விட்டாள். சொன்ன பிறகு அவனுக்கும் என்னவோ போலிருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறுகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

அதன்பிறகு பள்ளிக்கூடத்தில் டீச்சர் நிற்பதைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. காலையில் முட்டைக் கணக்கு. "போன வாரம் எடுத்தது தப்பு, மறுபடியும் எடுங்க!" என்பார் தலைவர். வெயில் ஏறினால் ஆகாயத்தாமரை. குமிழி கிளம்புகிற நேரம் பார்த்து யானை வரும். டீச்சர் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார். குஞ்சுகள் தண்ணீரைக் கலக்கி விளையாடும்.

பௌர்ணமி வந்தது. மீன் காட்ட வேண்டுமே! தாய்மார்கள் விடியும் முன்பே மீன் பிடித்துக் குஞ்சுகளின் அலகில் சொருகி அனுப்பினார்கள். பொட்டு அலகிலும் ஒரு கெண்டை இருந்தது. தலைவர் பார்த்து மகிழ்ந்தார். "பார்த்தீங்களா! கண்டிப்பா இருந்தா எப்படிப் படிப்பு வருது!" காட்டிய மீன்களையும் பையில் போட்டுக்கொண்டார்.

நாரை டீச்சர் அந்தக் குஞ்சுகளை ஒரு நிமிஷம் பார்த்தார். அவற்றில் ஒன்றுகூட அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மரத்தடியில் டீச்சர் இல்லை. குன்றுக்கு அப்பால் இருக்கிற பெரிய ஏரிக்குப் போய்விட்டார் என்று தவளைகள் சொல்லின.

"போனாப் போகட்டும்! நமக்கு மீன் மிச்சம்!" என்றான் கருமுத்து.

மிச்சமா? தலைவர் வழக்கம் போலப் பையை விரித்துக்கொண்டு வந்தார். "பங்கு! பங்கு! புது டீச்சர் தேடுற பங்கு!"

பெற்றவர்களுக்குப் பிள்ளை பிழைக்க வேண்டுமே. ஒவ்வொரு குடும்பமாகக் குன்றைக் கடந்தது. கடைசியில் பொட்டுவும் தாய் முதுகில் ஏறிக்கொண்டு மரத்தடிக்கு வந்தது.

"அத்தை, போயிட்டு வர்றேன்!"

"நல்லாப் படிடி கண்ணு" என்றாள் காத்தாயி. அவை கோரைப் புல்லுக்குள் போய் மறையும்வரை கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மறைந்த பிறகும் நீட்டிய கழுத்தை மடக்கவில்லை.

ஏரி அமைதியாகிவிட்டது. கருமுத்து முங்கினான், பிடித்தான், கொண்டு வந்தான். காத்தாயி பாதி மீனை அப்படியே வைத்துவிடுவாள். அவனுக்கும் அந்த மரத்தில் இருப்புக் கொள்ளவில்லை. குஞ்சுகள் கத்தும்போதெல்லாம் "என்ன இரைச்சல்!" என்று திட்டியவன்தான். இப்போது தண்ணீருக்கு வெளியே தலை நீட்டும் ஒவ்வொரு தடவையும் அவன் காது தன்னால் அந்தப் பக்கம் திரும்பியது.

ஒரு நாள் மாலை, மரத்தடியில் குமிழிகள் கிளம்பின. காத்தாயி வெகு நேரம் அவற்றைப் பார்த்தாள்.

"கெண்டைன்னுதான் தோணுது" என்றாள். "சரியா தப்பான்னு சொல்லத்தான் யாருமில்ல."

தான் எதைத் துரத்தினோம் என்று அப்போதுதான் கருமுத்துவுக்கு விளங்கியது. டீச்சரைத் துரத்தவில்லை. இவள் வாழ்ந்த வாழ்க்கையைத் துரத்தியிருக்கிறான். போக முடிந்த மற்றவர்கள் டீச்சர் பின்னாலேயே போய்விட்டார்கள். இவளால் போக முடியாது.

விடிந்ததும் தலைவர் கண்ணில் படாமல் நல்ல விராலாக ஒன்று பிடித்தான். அலகில் கவ்விக்கொண்டு குன்றைத் தாண்டிப் பறந்தான். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். காலில் விழுந்தாவது டீச்சரைக் கூட்டி வந்துவிட வேண்டும்.

பெரிய ஏரியின் ஓரத்தில் டீச்சர் ஒற்றைக் காலில் நின்றிருந்தார். சுற்றிலும் குஞ்சுகள். கருமுத்து தொப்பென்று தண்ணீரில் இறங்கினான்.

"உஷ்!" என்றது ஒரு குஞ்சு. பொட்டுதான். நன்றாக வளர்ந்திருந்தது. "மாமா, அசையாதீங்க! தண்ணி கலங்குது!"

கருமுத்து விராலோடு அப்படியே நின்றான். பிறந்ததிலிருந்து அவன் இப்படி நின்றதில்லை. மெல்ல மெல்ல அலை அடங்கியது. சேறு கீழே படிந்தது. முதல் தடவையாக, முங்காமலே அவனுக்குத் தண்ணீரின் அடி தெரிந்தது.

"என்னது?" என்றார் டீச்சர்.

"உளுவை!"

அந்தச் சத்தம் ஏரி முழுக்கப் பரவியது. கருமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் விராலை டீச்சர் காலடியில் வைத்தான். "டீச்சர், தப்பாப் பேசிட்டேன். நம்ம ஏரிக்கு வந்துருங்க. முழுப் பங்கும் நானே நேர்ல கொண்டு வந்து கொடுக்கிறேன்."

"மீன் குறைஞ்சதுன்னு நான் இங்கே வரலைங்க" என்றார் டீச்சர். "பொடி மீன் தின்னுதானே அத்தனை நாள் நின்னேன்? நீங்க என்னை நிக்கவே விடல."

"இனிமே ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். நான் பார்த்துக்கிறேன். வாங்க டீச்சர்!"

"வந்து யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறது? அங்கே பிள்ளைங்க யாரு இருக்கா?"

கருமுத்து திரும்பிப் பார்த்தான். சுற்றிலும் குஞ்சுகள் தங்கள் புது வீடுகளுக்கு நீந்திப் போய்க்கொண்டிருந்தன. பொட்டுகூட "வர்றேன் மாமா!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

டீச்சர் விராலை அவன் பக்கம் தள்ளினார். "காத்தாயிக்குக் கொடுங்க. மேல கிளையில இருந்து சத்தம் இல்லாம பதில் சொல்லுவாங்க, நான் கவனிச்சிருக்கேன். ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்ல."

கருமுத்து விராலைக் கவ்விக்கொண்டு திரும்பினான். வரும்போது குன்று இன்னும் உயரமாகத் தெரிந்தது.

காத்தாயி கிளையின் நுனிக்கே வந்து உட்கார்ந்திருந்தாள். மீனை அவள் பார்க்கவே இல்லை.

"போனீங்களா? பிள்ளைங்க சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எப்படிங்க இருந்துச்சு? பொட்டு குரல் தனியாத் தெரிஞ்சுதா? சொல்லுங்களேன்!"

கருமுத்து கத்திக் காட்ட வாயைத் திறந்தான். நீர்க்காகத்தின் கரகரத்த தொண்டையிலிருந்து பிள்ளைகளின் குரல் எப்படி வரும்? திறந்த வாயை மூடிக்கொண்டு, அவளுடைய ஒடிந்த இறக்கையின் பக்கமாக நெருங்கி உட்கார்ந்தான்.

கொடுத்த பங்குக்குக் கணக்குக் கேட்க வேண்டிய இடம் வாங்கிய பையே தவிர, பாடம் சொல்லிக் கொடுப்பவரின் கால் அல்ல. அந்தக் கால் நிற்க இடமில்லாமல் போனால், பிள்ளை உள்ளவர் வீடும் இல்லாதவர் வீடும் சேர்ந்தே ஊமையாகிவிடும்.